அசையாப் பாறை அசைந்த ஆண்டு

கொங்கு மண்ணின் சரித்திரம்: அத்தியாயம் 9

காங்கேயத்துக்கு அணித்தான படியூரில் தோண்டி எடுக்கப்பட்ட கடல்வண்ணக் கற்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையை அடைந்து, மரக்கலமேறி ரோமாபுரிக்குச் சென்றனவாக அறிஞர் கருதுவதையும், அந்த வாணிகத்தின் எச்சமாக வெள்ளலூர் மண்ணில் ரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்ததையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். வணிகர்கள் அந்தக் கணவாயைத் தேடிப் போனார்கள் என்பது சரி. ஆனால் கணவாய் அங்கே எப்படி வந்தது என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை. அந்தக் கேள்வியை இப்போது நாம் கேட்டாக வேண்டியிருக்கிறது. ஏனென்றால், அதற்கு விடை தேடிப் புறப்படுகிறவன் பாதி வழியிலேயே கோயம்புத்தூரின் ஒரு பழைய பூகம்பத்தின் மேல் இடறி விழாமல் தப்ப முடியாது.

வடக்கே நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலைத் தொடரின் ஆனைமுடி 2,695 மீட்டர். இப்படி வானளாவி நிற்கும் மலைச்சுவர், நடுவிலே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு, யாரோ ஒரு பிரம்மாண்டமான கத்தியால் அறுத்தெடுத்தாற்போல் விழுந்து, கடல்மட்டத்திலிருந்து சராசரியாக நூற்றைம்பது மீட்டர்கூட உயராத தாழ்நிலமாய்க் கிடக்கிறது. ஆடி மாதத்தில் அந்த வாயில் வழியாகப் பாய்ந்து வரும் காற்றினால்தான் கோவையின் வெயில் தணிகிறது. அதே காற்றுத்தான் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆறுகள் அரித்த வழி என்பார் ஒரு சாரார். பூமியின் பழைய முறிவு ஒன்றின் மேல் அரிப்பு நடந்ததால் விளைந்தது என்பார் மற்றொரு சாரார். வாதம் முற்றும் தீர்ந்தபாடில்லை. ஆயினும், கணவாயின் வழியாகவும் அதன் கிழக்கே காவிரி வரையிலும் பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவிய நீண்ட பட்டை ஒன்று ஓடுகிறது என்பதிலும், நீலகிரியின் விளிம்புகளில் மோயாறும் பவானியும் தம் போக்கை அமைத்துக்கொண்டிருப்பது அத்தகைய இன்னொரு பட்டையின் மேல்தான் என்பதிலும் யாருக்கும் இப்போது ஐயமில்லை.

இந்த விஷயத்தை நான் முதன்முதலில் கற்றுக்கொண்டது நூலகத்தில் அல்ல, பொள்ளாச்சிச் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்துக் கிணற்றடியில். அந்தக் கிணறு அறுபது அடிக்குக் கீழே முழுவதும் கருங்கல். வெடி வைத்து வெட்டியது. அருகில் இருந்த முதிய விவசாயியிடம், இத்தனை பாறையைத் துளைத்தும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அவர் என் அறியாமையைப் பொறுத்துக்கொண்டு, "ஏனுங்க, முழுப்பாறையில தண்ணி எப்படிங்க நிக்கும்? பாறை எங்க ஒடஞ்சு கெடக்குதோ அங்கதானுங்க ஊத்துக்கண்ணு" என்றார். கொங்கு நாட்டு வேளாண்மையே பாறையின் உடைவுகளை நம்பி நடக்கிறது என்பதையும், ஆயிரம் அடி ஆழ்குழாய் போட்டுத் தூசு கிளம்பினால் உடைவு தப்பிவிட்டது என்று பொருள் என்பதையும் இந்த மண்ணில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. பூகம்ப சாஸ்திரிகள் தேடுவதும் அந்த உடைவுகளைத்தான். விவசாயி தண்ணீருக்காகத் தேடுகிறான். இவர்கள், அவற்றுள் எது இன்னும் உயிரோடிருக்கிறது என்று அறியத் தேடுகிறார்கள்.

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி, வியாழக்கிழமை. தமிழ்க் கணக்கில் விகாரி ஆண்டு தை மாதத்தின் கடைசி நாட்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கி எட்டு மாதங்கள்கூட நிறையவில்லை. கோயம்புத்தூரில் நூற்பாலை வந்துவிட்டது, மின்சாரம் வரவில்லை. அன்று பூமி நடுங்கியது. இன்றைய பட்டியல்கள் அதன் அளவை ஏறத்தாழ 6 என்றும், மையத்தை வட அட்சம் 10.8, கிழக்குத் தீர்க்கம் 76.8 என்றும் குறிக்கின்றன. வரைபடத்தில் விரலை வைத்தால் அது கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே, வாளையாற்றின் பக்கம், கணவாயின் வாசற்படியிலேயே போய் நிற்கும். தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அந்த அதிர்ச்சி உணரப்பட்டது. கருவியால் அளந்து சொன்ன இடம் அல்ல அது. எங்கெங்கே எவ்வளவு உறைத்தது என்ற ஜனங்களின் வாக்குமூலத்திலிருந்து பின்னால் ஊகித்தது. ஆகையால் மையம் இந்தப் புள்ளியேதான் என்று சத்தியம் செய்வதற்கில்லை. பத்திருபது கிலோமீட்டர் இப்படியும் அப்படியும் இருக்கலாம். எனினும், கணவாயை விட்டு அது விலகவில்லை.

அந்த 1900ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்க்கவேண்டும். சரித்திரம் சில சமயங்களில் ஒரே மேடையில் மூன்று பாத்திரங்களை நிறுத்திவிட்டு, அவர்கள் ஒருவரையொருவர் காணாதபடி விளக்கை மட்டும் அணைத்துவிடுகிறது.

ஒரு பாத்திரம் நம் பூகம்பம். மற்றொன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்ஸன் ஓல்டாம். 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி அசாமை அடித்து நொறுக்கிய மாபெரும் பூகம்பத்தை ஆராய்ந்து, 1899இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் மூலநூல்களுள் ஒன்று. அசாமில் எழுந்த அதிர்வு, பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் ஐரோப்பாவின் கருவிகளிலும் பதிந்திருந்தது. அந்தப் பதிவுகளைக் கூர்ந்து நோக்கி, முதலில் வருவது ஓர் அலை, அடுத்து வருவது வேறோர் அலை, பூமியின் மேற்பரப்பைச் சுற்றிக்கொண்டு கடைசியில் வருவது மூன்றாவது என்று அவர் பிரித்துக் காட்டிய கட்டுரை வெளிவந்தது அதே 1900இல்தான். ஆறு ஆண்டுகளுக்குப் பின், அவ்வலைகளின் காலதாமதத்தைக் கொண்டே பூமியின் நடுவில் வேறொரு கோளம் இருக்கிறது என்று அவரே சொன்னார். மூன்றாவது பாத்திரம் தாமஸ் ஹாலண்ட். பல்லாவரத்துக் குன்றுகளிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று, அந்நகரோடு பெயர் பிணைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லாக அமைந்த ஒரு கரும்பாறைக்கு, அவர் பெயராலேயே சார்னகைட் என்று ஹாலண்ட் நாமகரணம் செய்தார். நீலகிரி மலை பெரும்பாலும் அதே இனப் பாறைதான். அதன் பெரு நூலும் 1900இல்தான் வெளியாயிற்று.

பூகம்ப அலையைப் படிக்கக் கற்றவர் ஒருவர். அந்த அலை கடந்து வந்த பாறையைப் படிக்கக் கற்றவர் மற்றொருவர். இருவரும் ஒரே துறையின் உத்தியோகஸ்தர்கள். அதே ஆண்டில் அந்தப் பாறைக்குள்ளிருந்தே ஓர் அலை கிளம்பிக் காட்டியது. ஆயினும் அசாமுக்குக் கிடைத்ததுபோல் ஒரு பெருநூல் கோயம்புத்தூருக்குக் கிடைக்கவில்லை. இதை யாருடைய குற்றமாகவும் நான் சொல்லவில்லை. நகரங்கள் தரைமட்டமான இடத்துக்கு ஆராய்ச்சி போகும். சுவர்கள் வெடித்ததோடு நின்ற இடத்துக்குப் போகாது. இன்றைக்கும் அதுவே நடைமுறை.

கருவிதான் என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்கலாம். இந்தியாவில் முதன்முதலாகக் கல்கத்தாவின் அலிப்பூரில் 1898 டிசம்பர் 1ஆம் தேதி பூகம்ப நிலையம் தொடங்கிற்று. அதை ஒட்டிப் பம்பாயின் கொலாபாவும், நமக்கு மிக அருகில் புதிதாக எழுந்த கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையமும், ஜான் மில்னி அமைத்த வகைக் கருவியைப் பெற்றன. கொடைக்கானலுக்கும் வாளையாற்றுக்கும் நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர். இவ்வளவு பக்கத்தில் கருவி இருந்தும் பூகம்பத்தின் பிறப்பிடத்தைத் துல்லியமாகக் கண்டிருக்க முடியாதா என்றால், ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் அலை நம் பாறையில் விநாடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஓடும். கொடைக்கானலை அடைய ஏறக்குறைய 17 விநாடி. இரண்டாம் அலை இன்னும் 11 விநாடி பின்தங்கி வரும். இந்தப் 11 விநாடி இடைவெளியை அளந்தால்தான் தூரம் தெரியும். ஆனால் மில்னியின் அந்நாளைய கருவியில் ஒளிப்படக் காகிதம் மணிக்கு 6 சென்டிமீட்டர், அதாவது நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் நகர்ந்தது. 11 விநாடி என்பது அந்தக் காகிதத்தில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. மை உறிஞ்சிய தாளில் தலைமயிரைத் தேடுவதற்கு ஒப்பு. தொலைதேசத்துப் பூகம்பங்களைக் கேட்பதற்காகச் செய்யப்பட்ட செவி அது. வீட்டு வாசலில் கூப்பிடுகிறவனின் குரலை அதனால் பகுத்தறிய இயலாது.

கடிகாரங்களின் கதை இன்னும் வேடிக்கையானது. இந்தியத் திட்ட நேரம் 1906இல்தான் வந்தது. அதற்கு முன் ரயில்வேக்கள் மதராஸ் நேரத்தைப் பின்பற்றின. கல்கத்தாவும் பம்பாயும் தத்தம் நேரத்தை வைத்திருந்தன. சிற்றூர்களிலோ சூரியனும் கோயில் மணியும்தான் கடிகாரம். பூமி அதிர்ந்த நேரத்தை விநாடிக் கணக்கில் ஒப்பிட வேண்டிய ஒரு விஞ்ஞானத்துக்கு, ஊருக்கொரு நேரம் காட்டும் தேசத்தில் என்ன வேலை? ஓல்டாம் அசாம் விஷயத்தில் ரயில் நிலையத்துக் கடிகாரங்களையும் தந்தி ஆபீசுகளின் குறிப்புகளையும் சலித்துச் சலித்து நம்பத்தகுந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டார். அந்த உழைப்பைக் கோவைக்காகச் செய்ய அன்று ஆளில்லை.

அறுபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன. 1964இல் பாசு என்னும் ஆராய்ச்சியாளர், இந்திய வானிலைத்துறையின் ஆராய்ச்சி இதழில் கோயம்புத்தூர்ப் பூகம்பத்தைப் பற்றிச் சில பக்கங்களில் ஒரு குறிப்பு எழுதினார். தலைப்பிலேயே அதை அவர் 'குறிப்பு' என்றுதான் அழைத்தார். அடக்கமான அந்தச் சொல்லின் மேல் எனக்கு மரியாதை உண்டு. தெற்குத் தீபகற்பத்தின் பூகம்பங்களைப் பேசப் புகுகிறவர் எவரும் இன்றும் அந்தச் சில பக்கங்களைத் தாண்டிப் போவதில்லை.

அந்தக் காலத்து அபிப்பிராயம் என்ன என்பதையும் சொல்லவேண்டும். தக்காணமும் அதன் தெற்கும் பூமியின் மிகப் பழைய கேடயம்; இமயமலை மடியலாம், கங்கைச் சமவெளி அமிழலாம், ஆனால் 250 கோடி ஆண்டு கண்ட நீலகிரிப் பாறை அசையாது; இதுவே பாடப்புத்தகம் முதல் பொறியியல் மாநாடு வரை ஒப்புக்கொண்ட சித்தாந்தம். 1967 டிசம்பர் 11ஆம் தேதி விடியுமுன், மகாராஷ்டிரத்தின் கொய்னா நீர்த்தேக்கத்தருகே 6.3 அளவில் பூமி குலுங்கி, ஏறத்தாழ 200 பேர் மாண்டபோது அந்தச் சித்தாந்தத்தின் முதற்சுவர் இடிந்தது. தேக்கிய நீரின் பாரமும், பாறையின் வெடிப்புகளுக்குள் புகுந்த நீரின் அழுத்தமும், முன்னமே முறியக் காத்திருந்த பிளவை முடுக்கிவிட்டன என்று ஹர்ஷ் குப்தா முதலானோர் நிறுவினார்கள். மேட்டூரையும் பவானிசாகரையும் ஆழியாற்றையும் கட்டி முடித்திருந்த நம் நாட்டுப் பொறியாளர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். கிணற்றடியில் பெரியவர் சொன்ன ஊற்றுக்கண், நீரை மேலே தருவதோடு நிற்காமல், நீரைக் கீழே வாங்கிக்கொள்ளவும் வல்லது என்பதல்லவா அதன் சாரம்?

இரண்டாம் சுவர் இடிந்தது 1993 செப்டம்பர் 30ஆம் தேதி. கணபதியை நீரில் கரைத்துவிட்டு உறங்கச் சென்ற லாத்தூர்ப் பிரதேசத்துக் கிராமங்களில், கில்லாரியை நடுவாக வைத்து, அதிகாலை நான்கு மணிக்குச் சில நிமிஷங்கள் இருக்கையில் பூமி 6.2 அளவில் நடுங்கிற்று. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். அந்தப் பிரதேசம் அன்றைய பூகம்ப வரைபடத்தில் மிகக் குறைந்த அபாயமுள்ள மண்டலத்தில் வரைந்து வைக்கப்பட்டிருந்தது. ஜனங்களைக் கொன்றது பூமி என்பதைவிட, சேற்றுக் கலவையில் கல்லடுக்கி எழுப்பிய தடித்த சுவர்கள் என்பதே உண்மை. அளவை ஒப்பிட்டுப் பாருங்கள்: கில்லாரி 6.2, கோயம்புத்தூர் ஏறத்தாழ 6. இரண்டும் ஒரே குலம். விகாரி ஆண்டில் கோவை மக்கள் தப்பியது பாறை வலிமையால் என்று நம்பிக்கொண்டிருப்பது பேதைமை. கூட்டமில்லாத காலம், உயரமில்லாத வீடு, மையத்தின் ஆழம், இவற்றுள் ஏதோ ஒன்றோ பலவோ கைகொடுத்தன.

பாறை ஏன் அசைய வேண்டும்? இதற்கு 1960களில் உருவான தட்டுக் கொள்கை ஒரு விடை தந்தது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்ந்து ஆசியாவின் மேல் முட்டுகிறது. முட்டலின் பெரும்பங்கை இமயமலை வாங்கிக்கொள்கிறது. ஆனால் மேசையின் ஒரு விளிம்பைச் சுவரோடு வைத்து அழுத்தினால் மறு விளிம்பும் அழுத்தத்தை உணர்கிறதல்லவா? அதுபோல, முட்டலின் விசை தெற்கு முனை வரை பாறைக்குள்ளாகப் பரவி நிற்கிறது. முழுப்பாறை அதைத் தாங்கிக்கொள்கிறது. பழைய முறிவு தாங்காது. கொங்கு நாட்டின் அடியில் அத்தகைய பழைய முறிவுகள் எவ்வளவு ஆழமாக இறங்குகின்றன என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டியது குப்பம்-பழனி நெடுக்குவெட்டு ஆராய்ச்சி. ஆந்திரத்தின் குப்பத்திலிருந்து கொங்கின் குறுக்காகப் பழனி வரை, ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பிறரும் துளைகளில் வெடிவைத்து, அதிர்வு கீழே சென்று திரும்பும் காலத்தை அளந்தார்கள். ஈர்ப்பு விசையையும் பாறையின் மின்கடத்தும் இயல்பையும் கூடவே அளந்தார்கள். விளைவுகள் 2003இல் இந்தியப் புவியியல் சங்கத்தின் தனி வெளியீடாகத் திரட்டப்பட்டன. நம் காலடியில் பூமியின் மேலோடு 40 கிலோமீட்டருக்கும் மேல் தடித்தது என்றும், அதன் நடுவே அலைகள் மெதுவாகச் செல்லும் மெத்தென்ற ஓர் அடுக்கு உண்டென்றும் அவர்கள் கண்டார்கள். கிணறு வெட்ட வைக்கும் வெடியும் அந்த ஆராய்ச்சிக்கு வைத்த வெடியும் ஜாதியில் ஒன்றே. ஒன்று அறுபதடியில் நின்றது, மற்றொன்றின் எதிரொலி நாற்பது கிலோமீட்டர் போய்த் திரும்பியது.

கணவாயின் வழியாக ஓடும் அந்தப் பட்டையைப் பற்றி இன்னோர் உபகதை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, ஒரு சமுத்திரம் மூடிக்கொண்டு இரு நிலத்துண்டுகள் ஒட்டிக்கொண்ட தையல்தான் பாலக்காடு-காவிரிப் பட்டை என்று சந்தோஷ் முதலான ஆராய்ச்சியாளர்கள் வாதிக்கிறார்கள். அந்தத் தையல் மடகாஸ்கருக்கும் நீள்கிறதாம். எல்லாரும் ஒப்பவில்லை, வாதம் இதழ்களில் சூடாக நடக்கிறது. பேரூர்க் கோயிலுக்குப் போகிற வழியில் நாம் ஒரு மறைந்த சமுத்திரத்தின் கரையைக் கடக்கிறோமோ என்னவோ.

கணவாயின் மேற்புறத்தில், பாரதப்புழை ஆற்றுப்படுகையில், வேறு விதமான ஆராய்ச்சி நடந்தது. 1994 டிசம்பரில் வடக்காஞ்சேரி அருகே சிறியதொரு நடுக்கம், அளவு 4.3, ஏற்பட்டது. அது அப்படியே மறக்கப்பட்டிருக்கும். ஆனால் பிஜு ஜான், சி. பி. ராஜேந்திரன் முதலானோர் அந்தப் பிரதேசத்து ஆறுகளின் வளைவையும், நிலத்தின் மேடு பள்ளத்தையும் படித்து, தேசமங்கலம் என்னுமிடத்தில் ஒரு பெயர்ச்சிப் பிளவைக் கண்டார்கள். பிளவின் இரு முகங்களும் உரசியதால் மாவாய் அரைபட்ட கல்லை எடுத்து, அது கடைசியாக எப்போது அரைபட்டது என்று இயற்பியல் முறையால் காலம் கணித்தார்கள். விடை சில லட்சம் ஆண்டுகள். அதாவது நம் பிரதேசத்தின் பிளவுகள் கும்பகர்ண வம்சம். நூறு ஆண்டுப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு, இது எழும், இது எழாது என்று ஜோசியம் சொல்கிறவன் இந்தத் தூக்கத்தின் நீளத்தை நினைவில் வைக்க வேண்டும்.

பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த அன்பழகனும் அவருடைய சகாக்களும் 2012இல் கோயம்புத்தூருக்கென்றே ஓர் அபாய வரைபடம் வெளியிட்டார்கள். நகரைச் சுற்றியுள்ள பிளவுகளின் நீளத்தை எடுத்து, பழைய பூகம்பங்களில் நிலத்தடியில் ஒரு பிளவின் எவ்வளவு பங்கு கிழிந்தது என்ற விகிதத்தைக் கண்டு, அதிலிருந்து இனி வரக்கூடிய பெரும அளவை மதிப்பிடும் முறை அது. 2002ஆம் ஆண்டு இந்தியத் தரக் கட்டடவிதியில் கோயம்புத்தூர் மூன்றாம் மண்டலம். சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்ந்ததும் அந்தத் திருத்தத்தில்தான். ஆனால் ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஓர் எண் என்பது, குடும்பம் முழுவதற்கும் ஒரே அளவில் செருப்பு வாங்குவதைப் போன்றது. குறிச்சிப் பாறை மேல் நிற்கும் வீடும், உக்கடம் பெரியகுளத்தை ஒட்டிய களிமண் மேல் நிற்கும் வீடும் ஒரே நடுக்கத்தை ஒரே விதமாக உணரா. மெத்தென்ற மண் ஆட்டத்தைப் பெருக்கும். கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தவென்று சுவரில்லாமல் தூண்களோடு விட்டு, மேலே ஐந்தாறு தளம் அடுக்கும் பழக்கம் இப்போது அவினாசிச் சாலை முதல் சரவணம்பட்டி வரை பரவியிருக்கிறது. 2001 ஜனவரி 26இல் பூஜ் நடுக்கத்தின்போது, மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஆமதாபாத்தில் சரிந்தவற்றுள் பெரும்பாலானவை அத்தகைய கட்டடங்கள்தாம். கொங்கு நாட்டுப் பொறியாளர்களுக்கு இது தெரியாததல்ல. கட்டுகிறவர்கள் கேட்டார்களா என்பதே கேள்வி.

இனி, உலகில் இன்று இத்துறை போகும் திசை. கலிபோர்னியாவில் பத்தாண்டுப் பதிவுகளைக் கணிப்பொறியைக் கொண்டு மறுபடி அரித்தபோது, முன்பு சுமார் 1,80,000 என்று எண்ணியிருந்த சிறு நடுக்கங்கள் 18 லட்சமாகப் பெருகின. அந்த முடிவு 2019இல் வெளியாயிற்று. கடலலையும் காற்றும் மனித நடமாட்டமும் எழுப்பும் இடையறாத முணுமுணுப்பைக் கொண்டே பூமியின் உட்புறத்தைப் படமெடுக்கிறார்கள். தொலைபேசிக்கென்று புதைத்த கண்ணாடியிழைக் கம்பிகளுள் ஒளியைச் செலுத்தி, கம்பி முழுவதையும் ஒரே நீளக் கருவியாக மாற்றுகிறார்கள். 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய நிசார் செயற்கைக்கோள், நிலத்தின் நுண்ணிய ஏற்றத்தாழ்வை வானத்திலிருந்து அளக்கிறது.

இவையெல்லாம் மெச்சத்தக்கவையே. ஆனால் கொங்கு நாட்டுக்கு இவற்றால் கிடைக்கும் பயன் குறைவு என்றே நான் கருதுகிறேன். சிறு நடுக்கங்களை அரித்தெடுக்கச் சல்லடை வந்துவிட்டது. அரிப்பதற்கு இங்கே பதிவு எங்கே? தேசம் முழுவதற்கும் சேர்த்துப் பூகம்ப நிலையங்கள் நூற்றைம்பதுக்குச் சற்று மேல்; அவற்றுள் பெரும்பங்கு, நியாயமாகவே, இமயமலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோள் காணத்தக்க அளவுக்கு நம் பிளவுகள் நகர்வதுமில்லை. அடிக்கடி நடுங்கும் தேசங்களுக்காக உருவான சாத்திரம், நூற்றாண்டுக்கு ஒருமுறை நடுங்கும் தேசத்தில் வேறு நடை பழக வேண்டும். பொறுமையாகப் பல்லாண்டு ஓரிடத்தில் வைத்திருக்கும் ஐந்தாறு நல்ல கருவிகள், தேசமங்கலத்தைப் போல் இன்னும் நான்கு இடங்களில் வெட்டிப் பார்க்கும் குழிகள், பழைய தாள்களைப் புரட்டும் கண்கள்: இந்த மண்ணுக்கு வேண்டியவை இவையே. நூதனம் என்று இவற்றை யாரும் சொல்லமாட்டார்கள்; அதனாலேயே இவற்றுக்குப் பணம் கிடைப்பதும் அரிது.

கடைசியாகச் சொன்ன பழைய தாள்களின் மதிப்பை அறிய ஓர் உதாரணம் போதும். ஸ்டேசி மார்ட்டின், வால்டர் செலிகா என்னும் இருவர், 1636 முதல் 2009 வரை இந்தியாவில் உணரப்பட்ட 570 பூகம்பங்களைப் பற்றிய வாக்குமூலங்களைத் திரட்டி 2010இல் வெளியிட்டார்கள். பழைய செய்தித்தாள்கள், கடிதங்கள், நாட்குறிப்புகள் ஆகியவற்றில் எந்த ஊரில் என்ன ஆயிற்று என்ற சிறு வரி அகப்பட்டாலும், அது கருவியின் ஒரு பதிவுக்குச் சமானம். ஓர் ஊரில் பாத்திரம் உருண்டது என்பதற்கும், இன்னோர் ஊரில் சுவர் வெடித்தது என்பதற்கும் நடுவேதான் பூகம்பத்தின் மையம் ஒளிந்திருக்கிறது. கோயம்புத்தூர்ப் பூகம்பத்துக்குக் கிடைத்துள்ள வாக்குமூலங்கள் பெரும்பாலும் நகரங்களிலிருந்தும், ஆங்கிலத்தில் எழுதியவர்களிடமிருந்தும் வந்தவை. கொங்கின் கிராமங்கள் அன்று என்ன சொல்லின என்பது தமிழில் எங்கேனும் எழுதப்பட்டிருந்தால், அது இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். தாராபுரம், பல்லடம், பொள்ளாச்சி, அவினாசி, கோபி, பெருந்துறைப் பக்கங்களில் பழைய குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்கேடு, கோயில் கணக்கு, திருமண ஓலை, ஜாதகக் கட்டு, பாட்டனார் எழுதிய கடிதம் ஏதேனும் பரணில் இருந்தால், விகாரி வருஷம் தை மாதத்துப் பக்கத்தை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பூமி அதிர்ந்தது, மதில் விழுந்தது, கிணற்று நீர் கலங்கியது என்று ஒரு வரி இருந்தாலும், ஊர்ப்பெயரோடு அப்படியே படியெடுத்து இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கரையான் அரித்த தாளாயினும் பாதகமில்லை.